டீட்டா மெரெல்லோ தொடருக்குக் கை கொடுத்தவங்களுக்கு

வணக்கம் மக்களே, அர்ஜென்டினா நடிகை, பாடகி டீட்டா மெரெல்லோ பத்தி நான் பேசிப் போட்ட ஆடியோ தொடர் ஒருவழியா முடிஞ்சிருச்சு. தனியாவா பண்ணீங்கன்னு கேக்குறாங்க. அய்யோ சாமி, தனியாவா, பேசினது மட்டும்தான் நான், மத்தது எல்லாம் கீழ சொல்றவங்க உபயம்.

முதல்ல ஸ்பானிஷ் டீச்சர். டீச்சர், டாங்கோன்னு அவங்க ஊர் ஆட்டப்பாட்டு இருக்கே, அதுல வர்ற, தலைநகர் புவெனஸ் ஐரெஸோட தெருப்பேச்சு எந்தப் பாடபுத்தகத்துலயும் இல்ல, அதை க்ளாஸ் முடிஞ்ச பிறகும் உக்காந்து வரி வரியா சொல்லிக் குடுத்தீங்க, ஃபீஸ்னு பேச்செடுத்தா போன வச்சிருவீங்க. டீட்டாவே வளந்து ஆளான பிறகுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கத்துக்கிட்டாங்கன்னு நீங்க சொன்ன அன்னிக்குதான் இவங்களைப் பத்திப் பேசியே ஆகணும்னு முடிவு பண்ணேன். 1904ல புவெனஸ் ஐரெஸ்ல சான் டெல்மோங்கற பகுதியில ஒண்டுக்குடித்தன வீட்ல பொறப்பு, அப்பா குதிரை வண்டிக்காரர், இவங்க கைக்குழந்தையா இருக்கும்போதே போய்ட்டாரு, அம்மா இஸ்திரி போட்டுச் சம்பாதிச்சாங்க, கட்டுப்படியாகாம பொண்ணை அனாதை இல்லத்துல விட்டாங்க, அப்புறம் பண்ணையில மாடு மேய்ப்பு. அந்தப் பொண்ணு பின்னாடி ‘யமராடா பசியோனல்’னு ஒரு டாங்கோவுக்கு வரி எழுதுது பாருங்க!

படங்களைத் தேடிப் புடிச்சு, தமிழ்ல சப்டைட்டில் அடிச்சுக் குடுத்த தம்பிக்குப் பெரிய நன்றி. நீ இல்லன்னா ‘செ டீசெ தெ மீ’ பாட்டு நமக்கு யூட்யூப் க்ளிப்பாவே போயிருக்கும்டா. 1943ல கனாரோ இசையமைச்சு, ஈவோ பெலாய் எழுதுன பாட்டு, முதல்ல ஆம்பளைக் குரல்லதான் வந்துச்சு. 1955ல ‘மெர்காதோ தெ அபாஸ்தோ’ படத்துல டீட்டா பாடுனதும் மொத்தமா அவங்க சொத்தாயிருச்சு. ஊரு என்னைப் பத்தி என்னென்னமோ பேசுது, அசிங்கமா இருக்கேனாம், ரவுடி மாதிரி நடக்குறேனாம், பேசிட்டுப் போகட்டுமே நான் இப்படித்தான்னு ஒரு மெதப்பு, முகவாயத் தூக்கிக்கிட்டு அவங்க பாடுறப்போ நம்ம தெருக்குழாயடியில நின்னு சண்டை புடிக்கிற ஒரு அக்காதான் எனக்கு ஞாபகம் வந்தாங்க. ஆனா என்னைக் கேட்டா நடிப்புல உச்சம் 1951ல வந்த ‘லோஸ் இஸ்லேரோஸ்’தான். பரானா ஆத்துத் தீவுல கரான்சான்னு ஒரு முரட்டுப் பொம்பள, அந்த ஆத்துச் சேறு மாதிரியே இருப்பாங்க, மேக்கப் எங்கன்னு தேடணும்.

நடிகர் லூயிஸ் சந்த்ரீனியோட இருந்த காதலை ஏன் ரெண்டே நிமிஷத்துல முடிச்சீங்கன்னு சண்டைக்கு வந்தவங்களுக்கும் நன்றி, அதுக்கு மேல ஊதிப் பெருக்க எனக்கு இஷ்டமில்ல அவ்ளோதான். 1955ல அர்ஜென்டினா அதிபர் பெரோனோட ஆட்சியக் கவுத்த பிறகு டீட்டா மேல தேயிலை கடத்தல்னு ஒரு பழி போட்டு, வேலை குடுக்க ஆளில்லாம மெக்சிகோ போற நிலைமை வந்துச்சே, எனக்கு அதுதான் பெரிய கதை.

இப்போ நம்ம நர்ஸ் அக்கா. வயசான காலத்துல டீட்டா ரேடியோ டிவில வந்து, பொண்ணுங்களா போய் பாப்பனிகொலாவ் டெஸ்ட் எடுத்துக்கோங்கன்னு ஊருக்கே கேக்குற மாதிரி சொல்லிக்கிட்டே இருப்பாங்க, கர்ப்பப்பை வாய்ல புற்றுநோய் வர்றதுக்கு முன்னாடியே செல்லுல மாற்றம் இருக்கான்னு பாக்குற டெஸ்ட் அது. பாட்டு, சினிமா பேசுற தொடர்ல இதைச் சொல்லலாமான்னு நான் தயங்குனப்போ மைக்கைப் புடுங்காத குறையா உக்காந்து, கொஞ்ச நேர வேலைதான், லேசா ஒரு மாதிரி இருக்கும், மயக்க ஊசியெல்லாம் கிடையாதுன்னு அக்கா பேசுன பேச்சு இருக்கே, தொடர்லயே அதிகம் ஷேர் ஆனது அந்தத் துண்டுதான். எங்க பெரியம்மா கேட்டுட்டு பக்கத்து வீட்டு ரெண்டு பேரையும் இழுத்துக்கிட்டு ஜி.ஹெச்.க்குப் போய்ட்டு வந்தாங்க, வர்ற வழியில மூணு பேரும் பஜ்ஜி சாப்ட்டாங்களாம், அதைத்தான் எங்கிட்ட விலாவாரியா சொன்னாங்க.

புவெனஸ் ஐரெஸ்ல இருந்து வாய்ஸ் மெசேஜா அனுப்பிக்கிட்டே இருந்த செஞோராவுக்கு (டீச்சரோட சிநேகிதி) ஸ்பானிஷ்ல தனியா எழுதியிருக்கேன். அந்தப் படப் பேர்ல வர்ற அபாஸ்தோ மார்க்கெட் 1984ல மூடி, 1998ல ஷாப்பிங் மால் ஆனதை அவங்க கோவமா சொன்ன ஆடியோவை அப்படியே போட்டேன். பைபாஸ் ஆபரேஷனுக்குப் பேர் போன டாக்டர் ரெனே ஃபவலோரோ தன்னோட ஆஸ்பத்திரியிலயே டீட்டாவுக்கு இடம் குடுத்தாரு, அவர் 2000ல போய்ட்டாரு, டீட்டா அங்கயே இருந்து 2002 டிசம்பர் 24ல 98 வயசுல போனாங்க. அந்தப் பகுதியச் சொல்லும்போது செஞோரா அழுதுட்டாங்க, அதை மட்டும் வெட்டிட்டேன்.

எடிட்டிங் பண்ணிக் குடுத்த அண்ணா, உங்களுக்கு நன்றி சொன்னா திட்டுவீங்க, அதனால உங்க ஹார்ட் டிஸ்க்கை மட்டும் ஞாயித்துக்கிழமை கொண்டாந்து குடுத்துர்றேன்.