மாங்காய் ஊரில் எசன்ஸ் மாம்பழம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கிருஷ்ணகிரியில் பாஸ்தா, பீட்சா, கேக் விற்கும் கடைகள் பெருகிவிட்டன. என் பேத்திக்கு ஒயிட் சாஸ் பாஸ்தா என்றால் உயிர். நானும் சாப்பிட்டிருக்கிறேன், குறை சொல்ல முடியாது. வெண்ணெயில் மைதாவை வறுத்து, பாலூற்றிக் கிளறிய சாஸ் தட்டு நிறைய வருகிறது. ஒரு தட்டை இருவர் தாராளமாகச் சாப்பிடலாம். (மிளகுத்தூள் போடத்தான் ஏனோ கை வருவதில்லை.)

என் வருத்தமெல்லாம் இனிப்பில். காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவன் நான். ஒரு கடையில் மாம்பழ சீஸ்கேக் என்று கொண்டுவந்து வைத்தார்கள். மேலே மஞ்சள் ஜெல்லி தளதளவென்று ஆடியது. வாயில் போட்டால் எசன்ஸ் வாசம். பழத்தின் புளிப்பு துளியும் இல்லை. மாங்கூழ் ஆலைகள் நிறைந்த மாவட்டத்தில் இது என்ன கூத்து? இங்கே டின்னில் அடைக்கும் கூழ் சவுதி வரை கப்பலேறுகிறது. பக்கத்துத் தெருக் கடைக்கு வர வழியில்லையா? காய்ப்பு கூடிய வருடங்களில் பெங்களூரா ரக மாங்காய் விலை பறிகூலிக்கே கட்டுவதில்லை. சீஸ்கேக்குக்கு அதன் லேசான புளிப்பு பொருத்தமாகவே இருக்கும்.

எசன்ஸ்தான் என்றால் மெனுவில் அப்படியே போடட்டும். உணவுப் பாதுகாப்புத் துறை அதிகாரிகள் இதையும் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று: சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாதென மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே அறிவித்துவிட்டது. சேர்த்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

இப்படிக்கு,
மா விவசாயி ஒருவர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.