தம்பி குழந்தைக்கு முகவரி தர நான் ஏன் தயங்கினேன்?

ஆசிரியருக்கு வணக்கம்.

உறவினர் வீட்டில் தங்கியிருக்கும் பெற்றோருக்குக் குழந்தை பிறந்தால், பதிவு எப்படித் தள்ளிப்போகிறது என்பது எனக்குக் கிட்டத்தில் தெரியும். என் வீட்டில் அது தள்ளிப்போனதற்குக் காரணமே நான்தான்.

என் தம்பியும் அவன் மனைவியும் இரண்டு வருடமாக எங்கள் வீட்டு மாடியில் இருக்கிறார்கள். வாடகை கிடையாது, எழுத்தில் எதுவும் கிடையாது. பெண் குழந்தை பிறந்த ஒன்பதாம் நாள் தம்பி ஒரு தாளோடு வந்து நின்றான். "அண்ணே, நாங்க இங்கதான் இருக்கோம்னு ஒரு கையெழுத்து போட்டுக் கொடுங்க" என்றான். நாளைக்குப் பார்க்கலாம் என்று வாங்கி அலமாரியில் வைத்தேன். இன்று முகவரி, நாளை பங்கு என்று யாரோ எப்போதோ சொன்னது மனதுக்குள் ஓடியது. பதினோரு நாள் ஓடிவிட்டது. அவன் மறுபடி கேட்கவில்லை. ஒரு நாள் மாடிப்படி ஏறும்போது, குழந்தையின் மருத்துவமனைச் சீட்டை மடித்தபடி அவன் மனைவி, "இன்னும் எதுலயும் இவ பேரு ஏறலையே" என்று அவனிடம் மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் நானே தம்பியைக் கூட்டிக்கொண்டு பதிவு அலுவலகம் போனேன். அங்கிருந்த அம்மா இரண்டு படிவங்களை அருகருகே வைத்துக் காட்டினார். "பிறப்பைப் பதிய உங்க கையெழுத்தே வேண்டாம். மருத்துவமனை அறிக்கையும் அப்பா அம்மா அடையாளமும் போதும். நீங்க போட வேண்டியது இந்த வசிப்பிடப் படிவத்துல" என்றார். இரண்டையும் ஒன்றென்று நினைத்து இருபது நாளை வீணாக்கியிருக்கிறோம்.

பிறப்பு என்பது நடந்துவிட்ட ஒன்று. எங்கே, எப்போது, யாருக்கு என்பதுதான் அந்தப் பதிவேட்டில் ஏறும். 1989இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 7ஆம் பிரிவு, குழந்தை பிறந்தவுடன் பதியப்பட வேண்டும் என்கிறது. வீட்டுப் பத்திரத்தைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. கெடு மட்டும் நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் ஒரு வாரம், ஜப்பானில் 14 நாள், இந்தியாவில் 21 நாள், இங்கிலாந்தில் 42 நாள்.

வசிப்பிடப் பதிவு வேறு. யார் எந்த வீட்டில் இருக்கிறார் என்று பதிவது அது. அங்கேதான் வீட்டுக்காரரின் கையெழுத்து வருகிறது. ஜெர்மனியில் 2015 நவம்பர் முதல், குடிவருபவருக்கு வீடு கொடுத்தவர் உறுதிக் கடிதம் தர வேண்டும். வாடகை வாங்காமல் இடம் கொடுத்த உறவினருக்கும் அந்தக் கடமை உண்டு. ரஷ்யாவில் 14 வயதுக்குட்பட்ட குழந்தையின் வசிப்பிடம் பெற்றோருடைய அல்லது பாதுகாவலருடைய வசிப்பிடமே. பெற்றோர் ஓரிடத்தில் பதிந்திருக்க, குழந்தையை மட்டும் பாட்டி வீட்டில் பதிவது அங்கே நடக்காது. சில இடங்களில் ஒருமுறை ஏறிய சிறுபிள்ளையின் பெயரை நினைத்தபோது எடுக்கவும் முடியாது. இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்வது நியாயம்தான். ஆனால் வீட்டின் உரிமை பத்திரத்தில் இருக்கிறது. குழந்தையின் பெயர் முகவரிப் பதிவில் ஏறுவதால் அந்தப் பத்திரம் கை மாறாது. நான் பயந்தது இதற்குத்தான், யாரிடமும் கேட்காமலே பயந்தேன்.

யுனிசெஃப் 2024இல் வெளியிட்ட கணக்குப்படி, உலகில் 5 வயதுக்குட்பட்ட சுமார் 15 கோடிக் குழந்தைகளின் பிறப்பு எங்குமே பதியப்படவில்லை. தூரம், செலவு, நடைமுறை தெரியாமை என்று காரணங்கள் சொல்கிறார்கள். வீட்டுக்குள்ளே ஒரு தாள் அலமாரியில் கிடப்பதும் எங்காவது ஒரு காரணமாக இருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பதிவு அலுவலகங்களுக்கு ஒரு வேண்டுகோள். "பிறப்பைப் பதியச் சொந்த வீடு தேவையில்லை" என்று வாசலிலேயே பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். அப்புறம், என்னைப் போல மாடியைக் கொடுத்துவிட்டுக் கையெழுத்துக்குத் தயங்கும் அண்ணன்களே, அக்காக்களே, உங்களிடம் யாராவது அந்தத் தாளைக் கொடுத்திருந்தால் இன்றைக்கே எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்