உடைப்பா, அவிழ்ப்பா?

அன்புள்ள சுந்தரம்,

உன் கட்டுரை வந்து மூன்று வாரமாகிறது. பதில் போடாதது தப்புதான். அக்காவுக்கு முழங்கால் வலி தேவலையா? இங்கே எல்லோரும் நலம். வாசுவிடமும் காட்டினேன். 'பழைய சுந்தரம்தான், இன்னும் சுத்தியலைக் கீழே வைக்கவில்லை' என்றான். எனக்கும் அதே குறைதான்.

தலைப்பிலேயே தொடங்குகிறது. 'டிகன்ஸ்ட்ரக்ஷன்' என்கிற வாசிப்பு முறைக்குக் 'கட்டுடைப்பு' என்று போட்டுவிட்டுப் பதினைந்து பக்கமும் உடைத்துக்கொண்டே போகிறாய். அந்தப் பெயரை வைத்த பிரெஞ்சுத் தத்துவவாதி தெரிதா, அதை எப்படிப் பெயர்ப்பது என்று 1983இல் ஜப்பானிய அறிஞர் இசுட்சுவுக்கு எழுதிய கடிதத்தைப் படி. ஜெர்மன் தத்துவவாதி ஹைடெக்கரின் சொல்லுக்குப் பிரெஞ்சில் ஈடு தேடியபோது, அழிவு என்ற வாடை அடித்த சொல்லை அவர் ஒதுக்கிவிட்டார். தனக்குத் தோன்றிய சொல்லை லித்ரே என்ற பிரெஞ்சு அகராதியில் சரிபார்த்தார். அங்கே இருந்த பொருள்களில் ஒன்று, இயந்திரத்தை வேறிடத்துக்குக் கொண்டுபோகப் பாகம் பாகமாகக் கழற்றுவது. இன்னொன்று, செய்யுளின் யாப்பைக் கலைத்து உரைநடைபோல ஆக்குவது. நம் உரையாசிரியர்கள் செய்ததற்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது பார்! 'கட்டவிழ்ப்பு' என்று மாற்று.

பிளேட்டோ பகுதியில்தான் எனக்கு மனசு ஆறவில்லை. 'பேச்சு உயர்வு, எழுத்து தாழ்வு என்றார் பிளேட்டோ. தெரிதா அதைத் தலைகீழாக்கினார்' என்று இரண்டே வரியில் முடித்துவிட்டாய். தலைகீழாக்குவது பாதி வேலை. அதோடு நின்றால் மேலே இருந்தது கீழே வரும், ஏணி அப்படியே இருக்கும். பிளேட்டோ எழுதிய 'ஃபைத்ரஸ்' உரையாடலை எடுத்து வைத்துக்கொள். தெயுத் என்ற எகிப்தியத் தெய்வம் எழுத்தை மன்னர் தாமுஸிடம் கொண்டுவந்து, இது நினைவுக்கு 'ஃபார்மகோன்' என்கிறது. இது மறதியைத்தான் வளர்க்கும் என்கிறார் மன்னர். அந்தச் சொல்லுக்கு நோய் தீர்ப்பதும் பொருள், நஞ்சும் பொருள். மொழிபெயர்ப்பாளர் ஒன்றைத் தேர்ந்தவுடன் மற்றது வாசகர் கண்ணில் படாமல் போகிறது. 1968இல் வந்த 'பிளேட்டோவின் மருந்தகம்' கட்டுரையில் தெரிதா பிடித்துக்கொள்வது இதைத்தான். தமிழில் நமக்கு அந்தச் சிரமமே இல்லை. 'மருந்து சாப்பிட்டாயா' என்கிறோம், 'எலி மருந்து' என்கிறோம், 'யாரோ மருந்து வைத்துவிட்டார்கள்' என்கிறோம். நீ ஏன் 'ஔஷதம்' என்று போட்டாய்?

அதற்குப் பிறகு வரும் இடத்தை நீ தொடவே இல்லை. அந்தக் கதையைச் சொல்லி எழுத்தைத் தள்ளிவைத்த அதே சாக்ரடீஸ், உயிருள்ள பேச்சு எது என்று சொல்ல வரும்போது, கற்பவன் உள்ளத்தில் 'எழுதப்படுவது' என்கிறார். தள்ளிவைத்ததன் பெயரைக் கடன் வாங்கித்தான் உயர்ந்ததை விளக்க முடிகிறது. முடிச்சு அங்கேதான் இருக்கிறது. வெளியிலிருந்து நீ எதையும் கொண்டுவர வேண்டியதில்லை.

தெரிதாவின் வழியில் போன அமெரிக்க யேல் பல்கலைக்கழக விமர்சகர்கள் பற்றி நான்கு பக்கம் அதிகம். தெரிதாவின் 1966 பால்டிமோர் உரைக்கும், அவர் நூலுக்கு 1976இல் வந்த ஸ்பிவாக்கின் ஆங்கில மொழிபெயர்ப்புக்கும் ஒரு பத்தி போதும். அந்த யேல் விமர்சகர்களில் ஒருவரான பால் டி மான், ஐரிஷ் கவிஞர் யேட்ஸின் ஒரு கவிதையை வாசித்ததை விரித்து எழுது. நடனத்திலிருந்து நடனமாடுபவரை எப்படிப் பிரித்தறிவது என்று முடிகிற கவிதை அது. பிரிக்கவே முடியாது என்ற பரவசமாகத்தான் அதைப் படித்துவந்தார்கள். டி மான் அதை நிஜமான கேள்வியாகக் கேட்டுப் பார்த்தார். பிரித்தறிய வழி சொல்லுங்கள் என்ற தவிப்பு அதில் வந்துவிட்டது. இலக்கணம் இரண்டுக்கும் இடம் தருகிறது, ஒன்று மற்றதை மறுக்கிறது. 'எந்தப் பொருளும் சொல்லிக்கொள்ளலாம்' என்று ஒன்பதாம் பக்கத்தில் எழுதியிருக்கிறாயே, அந்த வாக்கியத்தை அடித்துவிடு. டி மான் காட்டுவது இரண்டே வாசிப்பு, இரண்டுக்கும் வரியிலேயே ஆதாரம் இருக்கிறது.

திருத்தியதைத் தை பிறப்பதற்குள் அனுப்பு. பிழை பார்க்க வாசு தயார்.

அன்புடன்,
ராகவன்