கேட்வே ஆஃப் இந்தியா படகுத்துறையில் வழி சொன்ன அக்காவுக்கு நன்றி

மும்பையில் எங்கள் இருவருக்கும் இருந்தது இரண்டே நாள். ஞாயிறு சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையம், திங்கள் எலிஃபண்டா தீவுக் குகைகள் என்று போட்டிருந்த திட்டத்தை சனிக்கிழமை சாயங்காலமே மாற்ற வைத்தீங்க அக்கா. திங்கட்கிழமை குகைகள் திறக்காது. இது தெரியாமல் போய் ஏமாறுகிறவர்கள் நிறைய.

நீங்கள் சொன்னதெல்லாம் அப்படியே உதவியது. காலையில் முதல் படகுகளிலேயே கிளம்பணும், பயணம் ஒரு மணி நேரம். படகுச் சீட்டு போகவர இரண்டுக்கும் சேர்த்துத்தான், அதனால் திரும்பும்வரை தொலைக்கக் கூடாது. குகை நுழைவுச்சீட்டு தனி. தீவில் இறங்கும் துறையிலிருந்து கொஞ்ச தூரம் போனதும் நூற்றுக்கு மேல் படிகள். கையில் தின்பண்டமோ பாட்டிலோ தெரிந்தால் குரங்கு பறித்துவிடும், பைக்குள் வைக்கணும்.

முக்கியமானது, முதல் குகையில் அவசரப்படக் கூடாது என்றீங்களே, அதுதான். வெயிலிலிருந்து உள்ளே போனதும் ஒன்றும் தெரியாது. கண் பழகும்வரை தூண்களுக்கு நடுவே சும்மா நின்றால், தெற்குச் சுவரில் சுமார் 20 அடி உயர மூன்று முகச் சிவன் மெல்ல மெல்லத் துலங்குகிறார். பத்து நிமிடம் அசையாமல் பார்த்தோம்.

பெயர் கேட்காமல் வந்துவிட்டோம். ரொம்ப நன்றி அக்கா.