பெண் பிள்ளைகளின் ஆட்ட முடிவுகளுக்கு ஒரு பத்தி தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொழும்பில் ஒரு தமிழ்ப் பெண்கள் பாடசாலையில் 29 வருடம் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வலைப்பந்தாட்டம் பழக்கினேன். கடந்த மாதம் அமெரிக்காவில் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்துப் பெண்கள் ஐஸ் ஹொக்கி அணி தேசிய சம்பியனானது. அதைப் பற்றிச் சொல்லி, அப்புறம் தங்களிடம் ஒன்று கேட்கவே இந்தக் கடிதம்.

கடந்த நவம்பரில் மகளின் பிள்ளைப்பேறு பார்க்க விஸ்கொன்சின் மாநிலத்து மடிசன் நகரத்துக்குப் போனேன். சரக்குத் தூளும் நல்லெண்ணெயும் கட்டிக்கொண்டு போனவளுக்கு ஹொக்கி பார்க்கும் எண்ணமே இருக்கவில்லை. இரண்டு பெரிய ஏரிகளுக்கு நடுவே இருக்கிற ஊர் அது. ஜனவரியில் மெண்டோட்டா ஏரி உறைந்து கல்லாகக் கிடந்தது. சனங்கள் அதன் மேல் நடந்து போய், ஐஸில் துளை போட்டு, ஸ்டூலில் குந்தியிருந்து மீன் பிடித்தார்கள். வெள்ளவத்தைச் சந்தையில் மீனுக்கு அடியில் தட்டிப் போடுகிற ஐஸைத்தான் நான் அதுவரை ஐஸ் என்று நினைத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகன் என்னையும் மூத்த பேத்தியையும் ஆட்டத்துக்குக் கூட்டிப் போனார். பல்கலைக்கழகத்துப் பெண்கள் அணிக்கென்று 2012 இல் திறந்த லபான் அரங்கு. இரண்டாயிரம் பேருக்குச் சற்று மேல் இருக்கலாம். இடமில்லாமல் நிறைந்திருந்தது. கண்ணாடித் தடுப்போடு ஒட்டிக்கொண்டு ஏழெட்டு வயதுச் சிறுமிகள் வரிசையாக நின்றார்கள். வீராங்கனைகள் முகம் முழுக்கக் கம்பிக் கூடு போட்டிருந்தார்கள், ஆள் அடையாளம் தெரியாது. தலைக்கவசத்துக்குக் கீழே பின்னல் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பின்னலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் அந்தச் சிறுமிகள். இவர்களுக்கு எப்படிப் பெயர் தெரியும் என்று மருமகனிடம் கேட்டேன். "பேப்பரில் வரும் மாமி, ரிவியில் வரும்" என்றார், அதிலென்ன புதினம் என்கிற மாதிரி.

பந்துக்குப் பதிலாகப் பக் என்று ஒரு கறுப்பு ரப்பர் வட்டு. மூன்று அங்குல அகலம், ஒரு அங்குலத் தடிப்பு. துள்ளாமல் வழுக்க வேண்டும் என்பதற்காக அதையும் உறைய வைத்துத்தான் எடுக்கிறார்கள். அது பலகையில் அடிபடும் சத்தம் நெஞ்சுக்குள் கேட்கிறது. ஐந்து பேரும் ஒரு கோல் காப்பாளரும் ஒரு நேரத்தில் களத்தில் நிற்பார்கள். ஒருத்தி முக்கால் நிமிடமளவு உயிரைக் கொடுத்து ஓடுகிறாள். பிறகு ஆட்டம் நிற்காமலே தடுப்பைத் தாண்டி வந்து வாங்கில் இருக்கிறாள், இன்னொருத்தி குதித்துப் போகிறாள். வலைப்பந்தாட்டத்தில் ஏழு பேரையே கடைசி விசில்வரை ஓட விட்டுப் பழகிய எனக்கு, வாங்கில் இருக்கிற பிள்ளையும் அணிதான் என்று அவர்கள் ஆடும் முறை மிகவும் பிடித்துப்போனது. இடைவேளையில் ஒரு வண்டி வந்து ஐஸைச் சீவிச் சுடுதண்ணீர் விட்டு மினுக்கிவிட்டுப் போகும். பேத்திக்கு ஆட்டத்தைவிட அந்த வண்டிதான் பெரிது.

மார்ச் முதல் கிழமை திரும்பி வந்துவிட்டேன். இறுதிப் போட்டி 23 ஆம் திகதி மினியாபொலிஸில். அங்கே பின்நேரம் என்றால் இங்கே நடுச்சாமம் தாண்டிவிடும். மருமகன் ரிவிக்கு முன்னால் தன் போனைப் பிடித்துக் காட்ட, நான் என் போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துப் பார்த்தேன். எதிரணி ஒஹாயோ ஸ்டேட். இதே இரண்டு அணிகளும் மூன்றாவது வருடமாகத் தொடர்ந்து இறுதியில் சந்தித்தன. 2023 இல் விஸ்கொன்சின் 1-0, 2024 இல் ஒஹாயோ ஸ்டேட் 1-0.

இம்முறை விஸ்கொன்சின் 3-2 என்று பின்னால் நின்றது. கடைசி நிமிடம். கோலுக்கு முன்னால் ஒரே நெரிசல். ஒஹாயோ வீராங்கனை ஒருத்தி பக்கைக் கையால் மூடிவிட்டாள் என்று நடுவர்கள் படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துப் பெனல்டி கொடுத்தார்கள். 18.9 வினாடி மிச்சம். களத்தில் எல்லாரையும் விலக்கிவிட்டு, கேர்ஸ்டன் சிம்ஸ் என்ற பிள்ளை தனியே பக்கை உருட்டிக்கொண்டு கோல் காப்பாளரை நோக்கிப் போனாள். படம் ஒரு தரம் இறுகி நின்று போனது. திரும்ப வந்தபோது மருமகன் வீட்டில் எல்லாரும் கத்திக்கொண்டிருந்தார்கள். 3-3. கூடுதல் நேரம் தொடங்கி மூன்று நிமிடம் ஆகுமுன் அதே சிம்ஸ் வெற்றிக் கோலையும் போட்டாள். விஸ்கொன்சினுக்கு இது எட்டாவது தேசியப் பட்டம்.

நான் எழும்பிப் பல்கணிக்கு வந்தேன். தெருவில் சத்தமில்லை. மேல் மாடியில் ஒரு அறையில் மட்டும் விளக்கு எரிந்தது. அங்கே இருக்கிற பிள்ளை இந்த முறை ஓ.எல். என்கிற பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சை எழுதினாள். 17 ஆம் திகதி தொடங்கிய பரீட்சை அப்போது நடந்துகொண்டிருந்தது. ஒன்பதாம் வகுப்புவரை பாடசாலை வலைப்பந்தாட்ட அணியில் கோல் அற்றாக், அதாவது கோல் போடுகிற இடத்தில் ஆடியவள். பத்தாம் வகுப்புக்கு வந்ததும் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். விளையாடிய காலத்தில் படிகளில் இரண்டிரண்டாகப் பாய்ந்து ஏறுவாள். இப்போது மாலை ஆறு மணிக்கு ரியூசன் முடிந்து, புத்தகப் பையை நெஞ்சோடு கட்டிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறுகிறாள்.

அந்த அணியின் கணக்கைச் சொல்கிறேன், கேளுங்கள். முழுப் பருவத்திலும் 41 ஆட்டம். 38 வெற்றி, இரண்டு சமநிலை, ஒரேயொரு தோல்வி. அணித் தலைவி கேசி ஓ'பிரையன் கோலும் கோலுக்குக் கொடுத்த பாஸுமாக 88 புள்ளி எடுத்து, கல்லூரிப் பெண்கள் ஹொக்கியின் மிக உயர்ந்த விருதையும் பெற்றார். லைலா எட்வர்ட்ஸ் 35 கோல். அமெரிக்கத் தேசியப் பெண்கள் அணிக்கு ஆடிய முதல் கறுப்பினப் பெண் அவர். ஹொக்கிக்காகச் சின்ன வயதிலேயே வீட்டை விட்டு வேறு ஊர்ப் பாடசாலையில் போய்ப் படித்தவர். பயிற்றுநர் மார்க் ஜோன்சன், 1980 ஒலிம்பிக்கில் சோவியத் அணியை அமெரிக்கா வென்ற ஆட்டத்தில் இரண்டு கோல் போட்டவர். அப்படிப்பட்ட ஒருவர் பல வருடமாகப் பெண்கள் அணியோடு நிற்கிறார் என்பதை நம்முடைய பயிற்றுநர்கள் கவனிக்க வேண்டும்.

இந்தப் பிள்ளைகள் எல்லாரும் மாணவிகள். அவர்களுக்கும் பரீட்சை உண்டு. பணக்கார நாடு, அரங்கு உண்டு, காசு உண்டு என்று சொல்வீர்கள், சரி. ஆனால் அங்கேயும் இது தானாக வரவில்லை. அரசுப் பணம் வாங்கும் கல்வி நிறுவனம் ஆண் பெண் பேதம் காட்டக்கூடாது என்று 1972 இல் சட்டம் வந்த பிறகுதான் பெண்கள் அணிகள் பெருகின. அப்படியும் கல்லூரிப் பெண்கள் ஐஸ் ஹொக்கிக்கு இந்தத் தேசியப் போட்டி தொடங்கியது 2001 இல்தான்.

என் மனதில் தங்கி நிற்பது அந்த 41 தான். நம் பிள்ளைகளுக்குப் பருவம் என்று ஒன்று கிடையாது. கோட்ட மட்டம், வலய மட்டம், மாகாண மட்டம், பிறகு அகில இலங்கை. ஒரு நாள் காலையில் பஸ் பிடித்துப் போவோம். வெயிலில் நின்று பதினைந்து இருபது நிமிட ஆட்டம் இரண்டு மூன்று ஆடுவோம். ஒன்றில் தோற்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவோம். அந்த வருடம் அத்தோடு சரி. விஸ்கொன்சின் பிள்ளைகளும் ஒரு தடவை தோற்றார்கள். அடுத்த ஆட்டம் இருந்தது, ஆடினார்கள். ஆறு மாதம் பழகி ஒரு கோலால் தோற்று, அழுதுகொண்டு பஸ்ஸில் ஏறிய பிள்ளைகளுக்கு "அடுத்த கிழமை பார்ப்பம்" என்று சொல்ல எனக்கு ஒரு நாளும் வாய்த்ததில்லை.

என்னிடம் ஒரு ஷூட்டர் இருந்தாள். கையை விட்டுப் பந்து போனால் வளையத்தில் பட்டுக்கூடச் சத்தம் வராது, வலை மட்டும் அசையும். மாகாண இறுதிக்கு நான்கு நாளைக்கு முன்னால் தாயார் வந்து, கணித வகுப்பு நேரம் மாறிவிட்டது, இனி வரமாட்டாள் என்றார். எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். அந்தப் பிள்ளை தாயின் பின்னால் நின்று, விரலில் இருந்த பிளாஸ்டரை உரித்து உரித்து ஒட்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் இரண்டு கோலால் தோற்றோம். அவள் ஒன்பது பாடத்திலும் ஏ எடுத்தாள். அந்த ஒரு மாலை விளையாடியிருந்தாலும் எடுத்திருப்பாள் என்று நான் இன்றுவரை நம்புகிறேன்.

பத்திரிகைக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். இதற்கு நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். 1996 இல் எங்கள் அணி ஒரு சுற்றுப் போட்டியில் வென்றது. ஒரு தமிழ்ப் பத்திரிகையில் இரண்டு அங்குலச் செய்தி வந்தது. ஆட்ட முடிவும் ஏழு பிள்ளைகளின் பெயரும், அவ்வளவுதான். அவர்களில் ஒருத்தியின் தகப்பன் நாலாம் குறுக்குத் தெருவில் செத்தல் மிளகாயும் வெங்காயமும் மொத்த வியாபாரம். மகள் குட்டைப் பாவாடை போட்டு விளையாடுகிறாள் என்று என்னோடு இரண்டு தரம் சண்டை பிடித்தவர். அடுத்த மாதம் கடைக்குப் போனபோது பார்த்தேன், அவருடைய காசு மேசைக் கண்ணாடிக்குக் கீழே அந்தத் துண்டு இருந்தது. மகளின் பெயருக்கு அடியில் நீல மையால் கோடு. மிளகாய் வாங்க வந்த ஒருவரிடம் விரலால் தட்டிக் காட்டினார். அதற்குப் பிறகு அவள் ஏ.எல். என்கிற உயர்தரம் முடியும்வரை ஆடினாள். தகப்பனே வான் வண்டியில் பந்து ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார். நான் இரண்டு வருடம் சொல்லிச் செய்ய முடியாததை அந்த இரண்டு அங்குலம் செய்தது.

மார்ச் மாதம் முழுக்க நம் பத்திரிகைகளில் பாடசாலைப் பையன்களின் பெரிய கிரிக்கெட் சமர்கள்தான். றோயல் தோமியன், யாழ்ப்பாணத்தில் வடக்கின் பெரும் சமர். நானும் விரும்பி வாசிக்கிறேன். அந்தப் பையன்களின் பெயர், ஓட்ட எண்ணிக்கை, பாட்டன் ஆடிய கதை எல்லாம் வருகிறது, வரட்டும். ஆனால் ஆசியக் கிண்ண வலைப்பந்தாட்டத்தை இலங்கைப் பெண்கள் 2009 இலும் 2018 இலும் 2022 இலும் வென்றார்கள். மூன்று முறையும் அணியில் இருந்தவர் யாழ்ப்பாணத்து ஈவினை மண்ணின் தர்ஜினி சிவலிங்கம். 2011 உலகக் கிண்ணத்தில் சிறந்த ஷூட்டர். அவருடைய உயரத்தைப் பற்றி எழுதிய அளவுக்கு நாம் அவர் போட்ட கோல்களைப் பற்றி எழுதவில்லை என்பது என் மனவருத்தம். போன ஜூலையில் தம்புள்ளையில் சமரி அத்தபத்துவின் இலங்கைப் பெண்கள் கிரிக்கெட் அணி இந்தியாவை எட்டு விக்கெட்டால் வென்று ஆசியக் கிண்ணத்தை எடுத்தபோது, எங்கள் தொடர்மாடியில் சிறுமிகள் தடியை எடுத்துக்கொண்டு வாகனத் தரிப்பிடத்துக்கு இறங்கினார்கள். இரண்டு கிழமை விளையாடினார்கள். பிறகு மூன்றாம் தவணை ரியூசன் நேர அட்டவணை வந்துவிட்டது.

நான் கேட்பது இதுதான். கொழும்பில் தமிழ் மொழிமூலம் உள்ள பெண்கள், கலவன் பாடசாலைகளில் இன்று பொறுப்பாக இருக்கும் ஆசிரியைகள் நால்வரோடு கதைத்திருக்கிறேன். நால்வரில் மூவர் என்னிடம் படித்தவர்கள். சனிக்கிழமை காலை ஏழு மணியிலிருந்து ஒன்பது மணிவரை, ரியூசன் தொடங்குமுன், மாறி மாறி ஒவ்வொரு பாடசாலை மைதானத்திலும் வலைப்பந்தாட்டம். தோற்றாலும் அடுத்த சனிக்கிழமை ஆட்டம் உண்டு. நான்கு அணி, ஒன்றோடொன்று மூன்று முறை மோதினால் அணிக்கு ஒன்பது ஆட்டம் வரும். 41 க்கு இது எட்டாது, ஆனாலும் பருவம் என்று சொல்லலாம். ஓ.எல். எழுதும் பிள்ளைக்கும் கிழமையில் இரண்டு மணித்தியாலம்தான் போகும். இதைப் பெற்றோர் கூட்டத்தில் வந்து நானே சொல்லத் தயார்.

தாங்கள் ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில் ஒரு மூலை ஒதுக்கினால் போதும். முடிவு, கோல் போட்டவர் பெயர், நன்றாகத் தடுத்தவர் பெயர். படம் போட இடமில்லையென்றால் பரவாயில்லை, பெயர் பிழையில்லாமல் வரட்டும். தகப்பன்மார் பெயரைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

நிருபரை அனுப்பத் தேவையில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் மைதானத்தில் நிற்பேன், புள்ளிப் பதிவு என் கையில் இருக்கும். முடிவுகளைத் தமிழில் தெளிவாக எழுதி, காலை பதினொரு மணிக்குள் தங்கள் அலுவலக வாசலில் கொண்டுவந்து தருவேன். முதல் ஆட்டத்தை வெசாக் முடிந்து வரும் முதல் சனிக்கிழமை வைப்பதாக ஆசிரியைகள் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முன் தங்கள் பதில் கிடைத்தால் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 6.
ஏப்ரல் 2025