எந்தப் பானுமதி?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார இதழில் பழைய நட்சத்திரங்கள் தொடரில் வெளியான பி. பானுமதி பற்றிய கட்டுரையை மூன்று முறை படித்தேன். முதல் முறை ஆசையாக. இரண்டாம் முறை, நாம்தான் தப்பாகப் படித்துவிட்டோமோ என்று. மூன்றாம் முறை, மூக்குக் கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டு. மூன்று முறையும் அந்த வாக்கியம் அசையாமல் அங்கேயே இருந்தது. 'அழகான பொண்ணு நான்' பாட்டுக்கு, பி. சுசீலாவின் குரலுக்கேற்பக் கச்சிதமாக வாயசைத்துப் பானுமதி ரசிகர்களைக் கட்டிப்போட்டாராம்.

வாயசைத்து!

தங்களுக்குத் தெரியாததா? அந்தப் பாட்டு வரும், 1956-ல் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தில் வாயசைத்தவர் எம்.ஜி.ஆர். 'மாசிலா உண்மைக் காதலே' பாட்டில் அவருக்காகப் பாடியவர் ஏ.எம். ராஜா. பானுமதிக்குப் பானுமதியேதான் பாடினார். காதலனுக்கு இரவல் குரல், காதலிக்குச் சொந்தக் குரல். 1939-ல் 'வர விக்ரயம்' என்ற தெலுங்குப் படத்தில் நடிக்க வந்த நாளிலிருந்தே பாடியவர் அவர். அப்போது சுசீலா அம்மா மூன்று நான்கு வயதுக் குழந்தை. பதினேழு ஆண்டுகள் தன் தொண்டையால் பாடிக்கொண்டிருந்தவர், பதினேழாம் ஆண்டு திடீரென்று வாயை மூடிக்கொண்டு கடன் வாங்கப் போனாராமா?

சுசீலா அம்மாவைக் குறை சொல்வதாகத் தயவுசெய்து எண்ண வேண்டாம். அவர் பாட்டைக் கேட்டு வளர்ந்தவள்தான் நானும். ஆனால் அவர் குரல் பனங்கற்கண்டு. வாயில் போட்டால் கரைவதே தெரியாது. பானுமதியின் குரல் கருப்பட்டி. கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் மூக்கொலி, ஆழத்தில் ஒரு புகைவாசம். அந்தக் கனத்த குரலில் பிருகா, அதாவது வேகமான ஸ்வர அடுக்கு, உருண்டு வருவதை ஒருமுறை கேட்டவர்கள்கூட இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். ஆகவே தங்கள் கட்டுரையாளர் அந்தப் பாட்டைக் கேட்காமலே அதைப் பற்றி எழுதியிருக்கிறார் என்று முடிவு செய்தேன். கேட்டுவிட்டும் எழுதியிருந்தால் அது வேறு வகைத் துணிச்சல்.

என்னிடம் சாட்சி இருக்கிறது. அந்தப் பாட்டின் பழைய இசைத்தட்டை என் தகப்பனார் தஞ்சாவூரில் வாங்கி, வழியில் உடைந்துவிடக் கூடாதே என்று மேல்துண்டில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். பஸ்ஸில் உடையவில்லை, வீட்டுத் திண்ணையில் இறங்கியதும் உடைந்தது. ஓரத்தில் நகக்கண் அளவு ஒரு துண்டு போயிற்று. அதனால் ஊசியைச் சற்று உள்ளே தள்ளித்தான் வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்தப் பாட்டு 'கண்ணுதான்' என்றே தொடங்கும். பாட்டே அப்படித்தான் என்று பத்து வயதுவரை நினைத்திருந்தேன். கிராமபோனின் சுருள்வில் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. தட்டு மட்டும் இருக்கிறது. நடுவிலுள்ள காகித வட்டத்தில் ஒரு நவராத்திரியன்று அம்மா சிந்திய விளக்கெண்ணெய்க் கறை. அந்தக் கறையை ஒட்டி, இன்னும் படிக்கக்கூடிய எழுத்தில், பாடியவர் பெயர். அது சுசீலா அல்ல.

இதைச் சொல்லத்தான் திங்கட்கிழமை தங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். எடுத்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார். "எந்தப் பானுமதி, அம்மா?" என்று கேட்டார். சொன்னேன். "ஓ, 'செம்பருத்தி' படத்தில் வரும் பாட்டியா?" என்றார். ஆமாம், 1992-ல் வந்த அந்தப் பாட்டிதான். பாட்டியாவதற்கு முன்னால் அவர் ஐம்பது ஆண்டு வேலை செய்திருக்கிறார் என்று சொன்னேன். இணையத்தில் எங்கோ அப்படிப் போட்டிருந்ததாகவும், ஆசிரியர் குழுவிடம் தெரிவிப்பதாகவும் சொன்னார். தெரிவித்தாரா என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

சரி, அந்த ஒரு வாக்கியம் போகட்டும். மிச்சக் கட்டுரையில் என்ன இருக்கிறது? 'நாடோடி மன்னன்' படத்திலிருந்து பாதியில் விலகியதற்கு ஒரு பத்தி. வரலட்சுமி நோன்புக்காகப் படப்பிடிப்புக்குத் தாமதமாகப் போய், தகராறு முற்றி, 'மிஸ்ஸியம்மா' வேடம் சாவித்திரியின் கைக்குப் போனதற்கு இன்னொரு பத்தி. நடுவில் கொட்டை எழுத்தில் 'திமிர் பிடித்த நாயகி' என்று ஒரு பெட்டிச் செய்தி. 1953-ல் 'சண்டிராணி'யைத் தமிழ், தெலுங்கு, இந்தி என்று மூன்று மொழிகளிலும் இயக்கி, அதில் தானே நடித்தாரே, அதற்கு? அரை வரி. அந்த அரை வரியிலும் 'கணவரின் துணையுடன்' என்று ஒரு ஒட்டு. அந்தக் கணவர் இராமகிருஷ்ண ராவ் படம் இயக்கிய இடத்தில் 'மனைவியின் துணையுடன்' என்று ஏன் இல்லை? பரணி பிக்சர்ஸ் அந்த அம்மாவுக்கும் சொந்தந்தானே? மகன் பெயரில் நிறுவனம், சாலிகிராமத்தில் அதே பெயரில் ஸ்டூடியோ என்று முதல் போட்டு நடத்தியவர், சம்பளத்தையும் நேரத்தையும் பற்றி நிமிர்ந்து பேசினால் அதற்குப் பெயர் திமிர். அதையே ஓர் ஆண் நடிகர் செய்தால் அதே பக்கத்தில் 'கொள்கைப் பிடிப்பு' என்று அச்சாகும். நானும் நாற்பது வருடமாகத் தங்கள் இதழைப் படிக்கிறேன் அல்லவா.

'ரங்கோன் ராதா'வில் நல்லபடி இருக்கும் மனைவிக்குப் பைத்தியப் பட்டம் கட்டுவான் கணவன். சிவாஜி அந்தக் கணவனாகவும் பானுமதி அந்த மனைவியாகவும் நடித்தார்கள். தங்கள் பெட்டிச் செய்தியைப் பார்த்ததும் எனக்கு அந்தப் படம்தான் ஞாபகத்துக்கு வந்தது. போகட்டும், அந்த 'அழகான பொண்ணு' பாட்டிலேயே தன்மானம் என்று ஒரு சொல் வருகிறது. பாட்டைக் கேட்டிருந்தால் கட்டுரையாளர் காதிலும் விழுந்திருக்கும்.

இன்னொன்று. சென்னையில் அரசு இசைக் கல்லூரிக்கு 1980-களில் முதல்வராக இருந்தவர் இதே பானுமதி. கட்டுரையில் அது மூச்சுக்கூட விடப்படவில்லை. விட்டிருந்தால், வாயசைக்கிற ஒருவரையா இசைக் கல்லூரியின் தலைமை நாற்காலியில் உட்கார வைப்பார்கள் என்று யாராவது ஒரு வாசகர் கேட்டிருப்பார். ஓங்கோல் பக்கத்துத் தொட்டவரத்தில் தகப்பனாரிடம் சங்கீதம் கற்ற பெண் அவர். 'அத்தகாரி கதலு' என்று மாமியாரை வைத்து எழுதிய நகைச்சுவைக் கதைகளைத் தெலுங்கு தேசமே படித்துச் சிரித்தது. எங்கள் நூலகத்தில் அதன் தமிழாக்கம் ஒரு பிரதி இருந்தது. அட்டை கிழியும் அளவுக்குக் கை மாறியது. பத்மஸ்ரீ 1966, பத்மபூஷண் 2001. இதெல்லாம் ஒரு பெட்டிக்குள் அடங்காதுதான்.

2005 டிசம்பர் 24-ஆம் தேதி அவர் காலமானார். அடுத்து வந்த தங்கள் இதழில் போட்ட அஞ்சலிப் படம் அஞ்சலி தேவியுடையது. அஞ்சலி தேவி அப்போது உயிருடன் இருந்தார். அதற்கும் நான் கடிதம் எழுதினேன். பதில் இல்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று தாங்கள் கேட்கலாம். என் கணவரும் அதையேதான் கேட்கிறார். முப்பத்தோரு வருடம் ஒரு பெண்கள் பள்ளியில் பாட்டு ஆசிரியையாக இருந்தேன். ஆண்டு விழா வரவேற்புப் பாட்டுக்கு ஒவ்வொரு வருடமும் புது மெட்டு போடுவேன். ஒரு வருடம் மோகனம், ஒரு வருடம் ஹம்சத்வனி. தொண்டை கட்டிய பிள்ளைகளுக்குச் சித்தரத்தைக் கஷாயம் வைத்துக் கூஜாவில் எடுத்துப் போவேன். அழைப்பிதழில் பந்தல் உபயம் யார் என்று இருக்கும், ஒலிபெருக்கி உபயம் யார் என்று இருக்கும். முப்பத்தோரு அழைப்பிதழில் ஒன்றில்கூட மெட்டு போட்டவள் பெயர் கிடையாது. ஒரே ஒரு வருடம் அச்சாயிற்று. அதுவும் தலைமையாசிரியையின் பெயராக! மேடையில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் ஆர்மோனியத்துக்குப் பின்னால் உட்கார்ந்து கைதட்டினேன். அவரும் மறுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் ஒரு பட்டம் கிடைத்திருக்கும்.

என் கோரிக்கை பெரிதல்ல. அடுத்த இதழில் இரண்டே வரித் திருத்தம்: 'அழகான பொண்ணு நான்' பாடலைப் பாடியவர் பி. பானுமதி. அவ்வளவுதான். கடைசிப் பக்கத்தில், விளம்பரத்துக்கு அடியில், பூதக்கண்ணாடி வைத்துத் தேடும் இடத்தில் வேண்டாம். தப்பு வந்த பக்கத்திலேயே வரட்டும். இசைத்தட்டின் படம் வேண்டுமென்றால் பேத்தியிடம் சொல்லி அனுப்பி வைக்கிறேன். தட்டைக் கேட்காதீர்கள். தர மாட்டேன்.

இந்தக் கடிதத்தைச் சுருக்கித்தான் போடுவீர்கள் என்று தெரியும். எதை வெட்டினாலும் அந்த இரண்டு வரியை வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாட்டு ஆசிரியை,
திருவையாறு.

பி.கு.: சென்ற முறை என் கடிதத்தைப் பிரசுரித்தபோது ஊரைத் திருவாரூர் என்று போட்டிருந்தீர்கள். திருவையாறு.