வலிகாமம் கிழக்குச் செம்மண் தோட்டங்களின் இறைப்புக்கு மண்ணெண்ணெய் தனி ஒதுக்கீடு கோரும் மனு

1992 மார்கழி

கனம் அரசாங்க அதிபர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
யாழ்ப்பாணம்.

ஊடாக: உதவி அரசாங்க அதிபர் அவர்கள், கோப்பாய்.

விடயம்: வருகிற கோடைப் பயிருக்கு இறைப்பு மண்ணெண்ணெயும் பசளையும் பரப்புக் கணக்கில் ஒதுக்குதல்

பெருமதிப்புக்குரிய ஐயா,

1990 ஆனியில் போர் மீண்டும் தொடங்கியதிலிருந்து குடாநாட்டில் மின்சாரம் இல்லை. குடாநாட்டை வெளியோடு இணைக்கும் ஆனையிறவுப் பாதை மூடிக்கிடக்கிறது. மண்ணெண்ணெய், டீசல், பெற்றோல், யூரியா, பற்றரி எல்லாம் அரசாங்கத்தின் தடைப்பட்டியலில் இருப்பதால், அனுமதித்துக் கப்பலில் அனுப்பும் அளவே எங்களுக்கு வந்து சேருகிறது. வருகிற மண்ணெண்ணெயைக் கூட்டுறவுச் சங்கங்கள் குடும்ப அட்டைக்கு, விளக்கெரிக்கவென்று அளந்து கொடுக்கின்றன. குடும்ப அட்டையில் தலைகள் எண்ணப்படுகின்றன. தோட்டமும் கிணறும் எண்ணப்படுவதில்லை. எட்டுப் பரப்பு, அதாவது அரை ஏக்கர், வெங்காயம் நட்டவருக்கும், தோட்டமே இல்லாதவருக்கும் ஒரே அளவுதான். இதை மாற்றி, இறைப்புக்கென்று தனி ஒதுக்கீடு ஏற்படுத்தித் தரும்படி கேட்கவே இந்த மனுவை எழுதுகிறோம்.

தாங்கள் அறியாததல்ல: இந்த மண்ணில் ஆறில்லை, பாசனக் குளமில்லை. வடகீழ்ப் பருவமழை தையோடு ஓய்ந்தால், சித்திரையில் விழும் ஓரிரு மழையைத் தவிர, மறுபடி ஐப்பசி வரை வானத்தை நம்ப முடியாது. மாசியிலிருந்து புரட்டாதி வரை சந்தைக்கு வரும் வெங்காயம், மிளகாய், கத்தரி, பயற்றங்காய், கீரை, வாழைக்குலை அத்தனையும் கிணற்றிலிருந்து தூக்கி ஊற்றிய தண்ணீரில் விளைந்தவை. தண்ணீரைத் தூக்குவது மிசின். மிசின் குடிப்பது மண்ணெண்ணெய்.

கணக்கு இதுதான். ஏக்கருக்குப் பதினாறு பரப்பு. இரண்டு அங்குல மிசின் ஒரு பரப்பு வெங்காயத்தை நனைக்க அரை மணித்தியாலம் ஓட வேண்டும். வாய்க்கால் நீளமானால் இன்னும் பத்து நிமிடம் கூடும். மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் முடிகிறது. ஆகவே பரப்புக்கு ஓர் இறைப்புக்கு அரை லீற்றர். செம்மண் தண்ணீரை விரைவில் கீழே இறக்கிவிடும் மண் என்பதால் மூன்று நாளைக்கு ஒருக்கால், மிஞ்சினால் நாலு நாளைக்கு ஒருக்கால் இறைக்க வேண்டும். எங்கள் வேதாளன் வெங்காயம் அறுபத்தைந்து எழுபது நாளில் கிண்டுகிற பயிர். கிண்டுவதற்கு முந்திய நாட்களில் இறைப்பை நிறுத்திவிடுவோம். அதைக் கழித்தால் பதினாறு பதினெட்டு இறைப்பு. ஒரு பரப்புக்கு ஒரு போகத்துக்கு ஒன்பது லீற்றர் போதும். அந்த ஒன்பது லீற்றரில், பசளையும் மருந்தும் சரியாகக் கிடைத்தால், ஐந்து அந்தர் (அந்தர் ஏறத்தாழ ஐம்பது கிலோ) வெங்காயம் கிண்டலாம்.

இதை முழுவதும் ஒரே நாளில் தந்தாலும் ஏற்றுக்கொள்வோம். ஆனால் பிந்தி வந்தால் வாங்கிப் பயனில்லை. நட்டு இருபதாம் நாளிலிருந்து நாற்பத்தைந்தாம் நாள் வரை வெங்காயம் பக்கம் வெடித்துப் பெருக்கிற காலம். அந்த நேரத்தில் இரண்டு இறைப்புத் தவறினால் தாள் நுனி கருகும், குமிழ் சிறுக்கும். அதற்குப் பிறகு எவ்வளவு தண்ணீர் விட்டாலும் பருக்காது. மிளகாய் பூவையும் பிஞ்சையும் உதிர்த்துவிடும். ஆனியில் வந்து சேரும் மண்ணெண்ணெய் பங்குனியில் பட்ட பயிரைத் திருப்பாது.

பிந்தியதை ஒரேயடியாக ஓடவிட்டு ஈடுகட்டலாமே என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள். நல்ல கேள்விதான், விடை நிலத்தடியில் இருக்கிறது. எங்கள் கிணறுகளில் நல்ல தண்ணீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளில், உவர்த் தண்ணீரின் மேல் மிதந்து கிடக்கிறது. ஒரு மணித்தியாலம் இறைத்து, ஊற விட்டு, பிறகு இறைத்தால் நல்ல தண்ணீரே வரும். நாள் முழுதும் விடாமல் இழுத்தால் மட்டம் இறங்கும், கீழேயிருக்கும் உவர் மேலேறும். கடற்கரைப் பக்கக் கிணறுகளில் இது ஒரு கோடையிலேயே தெரிந்துவிடும். உவர் ஏறிய கிணறு தேற மாரி மழை வேண்டும். அதனால்தான் சிறிது சிறிதாக, நாள் தவறாமல் இறைக்கிறோம்.

இன்னொன்று, கிணறுகளில் பெரும்பாலானவை பங்குக் கிணறுகள். மூன்று நாலு பங்காளிகள் முறை வைத்து இறைப்பார்கள். இன்று என் முறை, நாளை அடுத்தவர் முறை. முறை நாளில் கையில் மண்ணெண்ணெய் இல்லாவிட்டால் அந்த முறை போனதுதான். அடுத்தது வர மூன்று நாலு நாள். பலாலி, வசாவிளான், மயிலிட்டிப் பக்கத்திலிருந்து 1990இல் இடம்பெயர்ந்து வந்த கமக்காரர்கள் இங்கே குத்தகைக்கு நிலம் எடுத்துச் செய்கிறார்கள். அவர்களுக்கும் இதே கிணறுகளில் முறை பிரித்திருக்கிறோம். முறைகள் இப்போது முன்னையிலும் நெருக்கம். குத்தகைக்காரருக்குக் காணி உறுதி அவர் பெயரில் இராது என்பதால், ஒதுக்கீடு காணிச் சொந்தக்காரர் பெயரில் போகாமல், பயிர் செய்கிறவர் பெயரில் போக வேண்டும். இதை அழுத்திக் கேட்கிறோம்.

மண்ணெண்ணெய் போதாத இடத்தில் என்ன நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். இந்த மிசின்கள் பெற்றோலில் தொடங்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுபவை. பெற்றோல் இல்லாததால், பிளக்கைக் கழற்றி ஊசியால் சில துளி விட்டு, திரும்பப் பூட்டிக் கயிற்றை இழுக்கிறார்கள். சூடேறும் முன்னே மண்ணெண்ணெய் போவதால் பாதி எரியாமல் றிங் வழியே கீழிறங்கி என்ஜின் ஒயிலோடு கலக்கிறது. ஒயில் தண்ணீர்போல் ஆகிறது, பெயாரிங் தேய்கிறது. சிலர் தேங்காயெண்ணெய், இலுப்பெண்ணெய் கலந்து ஓட்டிப் பார்க்கிறார்கள். இவை தடிப்பானவை, காபுரேற்றரின் சிறு துவாரத்தை அடைக்கும், வால்வில் பிசின்போல் கரி பிடிக்கும், பிளக் கறுத்து நெருப்பு வராது. கரியைச் சுரண்டித் துடைத்து ஒரு முறை ஓட்டலாம், இரண்டு முறை ஓட்டலாம். பிறகு வால்வு மாற்றத்தான் வேண்டும், வால்வுக்கு எங்கே போவது? கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் அடியிலுள்ள புட்வால்வின் தோல் நைந்தால் பழைய ரயர் ரியூப்பை வட்டமாக வெட்டிப் போட்டுச் சமாளிக்கிறோம். றிங்குக்கும் வால்வுக்கும் அப்படி ஒரு மாற்று இல்லை. பழுதான மிசினோடு ஒரு குடும்பத்தின் கோடை முடிகிறது.

விளக்குக்குத் தந்ததை மிசினில் ஊற்றுகிறவர்களும் உண்டு. அந்த வீடுகளில் பிள்ளைகள் ஜாம் போத்தலில் பஞ்சை நனைத்து வைத்து, அது காயும் வரை எரிகிற சிமிட்டு வெளிச்சத்தில் பரீட்சைக்குப் படிக்கிறார்கள். இரண்டு தேவையும் ஒரே போத்தலில் கை வைக்காதபடி செய்வது தங்கள் கையில் இருக்கிறது.

மிசினை விட்டு, ஆள் ஏறி மிதித்துக் கிணற்று நீர் இறைக்கும் துலாவுக்குத் திரும்புங்கள் என்றும் ஆலோசனை வந்தது. திரும்பியிருக்கிறோம், முடிந்தவர்கள் எல்லாம் துலாப் போட்டுவிட்டார்கள். ஆடுகாலுக்குப் பூவரசு, துலாவுக்கு நீண்ட மரம், அச்சுலக்கை, கொடி, தகர வாளி என்று தேடிச் சேர்த்தால் ஒன்று எழும்பும். மேலே ஒருவரோ இருவரோ ஏறி முன்னும் பின்னும் மிதிக்க, ஒருவர் வாளி கவிழ்க்க, ஒருவர் பாத்தியில் தண்ணீர் மாற வேண்டும். பரப்புக்கு இரண்டு மணித்தியாலத்துக்குக் குறையாது. நாலு பரப்புக்கு ஒரு முழு நாள், குறைந்தது மூன்று ஆள். இளையவர்கள் பலர் ஊரில் இல்லை; மிஞ்சியிருப்பவர்கள் வயதானவர்களும் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும். துலா இரண்டு பரப்பைக் காப்பாற்றும், எட்டுப் பரப்பைக் காப்பாற்றாது.

ஷெல்லும் விமானமும் உள்ள காலத்தில் வெளியில் நிற்கும் நேரத்தையும் எண்ணவேண்டியிருக்கிறது. துலா மிதிப்பவர் பத்தடி உயரத்தில், மறைவில்லாமல், காலை முதல் மாலை வரை நிற்கிறார். மிசின் என்றால் விடியப்புறம் இறைத்து முடித்துவிட்டு வெயிலேற முன்னம் வீடு திரும்பலாம். அதிலும் ஓர் ஆபத்துண்டு: மிசின் ஓடும்போது விமானம் வருகிற இரைச்சல் காதில் விழாது. அதனால் மிசினிலிருந்து தள்ளி ஒருவரைக் காவல் வைக்கிறோம். கிணற்றடிகளில் பதுங்கு குழி வெட்டினாலும், மூன்று நாலு அடியில் கல் வந்துவிடுகிற இடங்களில் ஆழம் போதவில்லை. மேலே பனங்குற்றி அடுக்கி மண் மூடைகளால் உயர்த்தியிருக்கிறோம்.

அடுத்தது பசளை. யூரியா தடைசெய்யப்பட்டதன் காரணம் எங்களுக்குத் தெரியும். அதைப் பற்றி இங்கே வாதாட வரவில்லை. யூரியாதான் வேண்டும் என்றும் நிற்கவில்லை. அமோனியம் சல்பேற் தந்தாலும் பயிருக்குச் சேரும். யூரியாவில் தழைச்சத்து நூற்றுக்கு 46, அமோனியம் சல்பேற்றில் 21. ஆக ஒரு கிலோ யூரியாவுக்கு இரண்டேகால் கிலோவுக்குச் சற்றுக் குறைய வேண்டும். வெங்காயத்துக்குப் பரப்புக்கு மூன்றரைக் கிலோ யூரியா போடும் இடத்தில் ஏழே முக்கால் கிலோ அமோனியம் சல்பேற் போட்டால் சரி. அது மண்ணைக் கொஞ்சம் புளிக்கச் செய்யும், ஆனால் சுண்ணாம்புக் கல்லின் மேல் கிடக்கும் எங்கள் மண் அதைத் தாங்கும். மூடை எண்ணிக்கை இரட்டிக்குமேல் ஆவதால் கப்பலில் இடம் கூடத் தேவைப்படும். அதைத் திட்டமிடும்போது மனதில் கொள்ளவேண்டும். மேற்பசளை நட்டு மூன்றாம் கிழமையும் ஆறாம் கிழமையும் போடுவது. ஆறாம் கிழமைக்குப் பிந்தினால் தாள் தடித்துக் கழுத்து மூடாமல், கிண்டிய வெங்காயம் கட்டித் தூக்கிய இடத்திலேயே அழுகும். விதை வெங்காயமும் அதோடு போகும். பரப்புக்கு அரை அந்தருக்குக் குறையாமல் விதை வேண்டியிருப்பதால், ஒரு போகத்து விதை அழுகினால் அடுத்த போகமும் இல்லை.

எருவும் குழையும் போடாமல் இருக்கவில்லை. பூவரசு, கிளிசறியாக் குழை வெட்டித் தாழ்க்கிறோம், பனையோலை புதைக்கிறோம், மாட்டுப் பட்டி அடைக்கிறோம். ஆனால் மாட்டுக்கே தீவனம் இல்லாத காலம். தவிடும் பிண்ணாக்கும் வராததால் எருவும் குறைந்துவிட்டது. பூச்சிக்கு வேப்பம் விதையை இடித்து ஊறவைத்துத் தெளித்தால் புழு அடங்கும். தாள் சுருளுக்கும் பங்கசு நோய்களுக்கும் அது உதவாது. அவற்றுக்கு மாங்கோசெப் என்ற மருந்து வேண்டும். குறைந்த அளவில், சிறு பொதிகளில் வந்தாலே போதும்.

தங்கள் அலுவலகத்துக்கு இருக்கக்கூடிய தயக்கம், தோட்டத்துக்கென்று தந்தது வேறு இடத்துக்குப் போய்விடுமோ என்பது. அதற்கு நாங்களே முறை ஒன்று சொல்கிறோம். கிராம சேவையாளரும் விவசாயப் போதனாசிரியரும் வந்து, நட்டிருக்கும் பரப்பைப் பார்த்து எழுதட்டும். சொல்வதை நம்ப வேண்டாம், பாத்தியைப் பார்க்கட்டும். கிணற்றுக்கு ஓர் அட்டை, அதில் பங்காளிகள், பரப்பு, பயிர், நட்ட திகதி. கமநல சேவை நிலையத்தில் பத்து நாளுக்கு ஒருமுறை, அந்தப் பத்து நாளின் மூன்று இறைப்புக்கு மட்டும், பரப்புக்கு ஒன்றரை லீற்றர் வீதம் தரட்டும். பயிர் கிண்டியதும் அட்டை நிற்கட்டும். பத்து நாளுக்கு மேல் ஒருவர் கையில் சேர இடமிராது. வெள்ளையாகத் தண்ணீர் கலந்த மண்ணெண்ணெய் வந்தால் மிசின் நின்றுவிடும் என்பதால், அளக்கும்போது கமக்காரர் ஒருவர் உடன் நின்று பார்க்கவும் இடம் வேண்டும்.

விளைந்ததை விற்பதிலும் ஒரு வழி இருக்கிறது. முன்பு லொறிகளில் தெற்கே போன வெங்காயம் இப்போது இங்குள்ள சுன்னாகம், யாழ்ப்பாணத் திருநெல்வேலிச் சந்தைகளிலேயே குவிகிறது. ஒரே கிழமையில் எல்லோரும் கிண்டும்போது விலை விழுந்து, விதைச் செலவும் தேறுவதில்லை. பருத்தித்துறையில் பொருள் இறக்கிவிட்டுத் திரும்பும் கப்பலில் இடம் இருக்குமானால், காய்ந்து தாள் கட்டிய வெங்காயத்தையும் புகையிலையையும் ஏற்றி அனுப்ப ஒழுங்கு செய்யவேண்டும். காற்றோடும் சாக்கில் கட்டி, ஈரம் படாமல், ஆறு மூடைக்கு மேல் அடுக்காமல் வைத்தால் வெங்காயம் பயணத்தைத் தாங்கும்.

ஆகவே ஐயா, தை முடியும் முன்னம் பரப்புப் பதிவைத் தொடங்குமாறும், முதல் ஒதுக்கீடு மாசி முதற்கிழமையில் கமநல சேவை நிலையத்துக்கு வந்து சேர ஆவன செய்யுமாறும், யூரியாவுக்கு ஈடாக அமோனியம் சல்பேற்றுக்கு அனுமதி கேட்டு எழுதுமாறும், மிசின் உதிரிப்பாகங்களில் வால்வு, றிங், பிளக் மூன்றையாவது அந்த அனுமதியோடு சேர்த்துக் கேட்குமாறும் தாழ்மையுடன் வேண்டுகிறோம். முழு அளவும் கிடைக்காவிட்டால், எல்லோருக்கும் பாதியாகப் பிரிக்க வேண்டாம். பாதித் தண்ணீரில் எந்தப் பயிரும் விளையாது. ஆளுக்கு இரண்டு பரப்பு என்று மட்டுப்படுத்தி, அந்த இரண்டுக்கும் கிண்டும் வரை முழுதாகத் தாருங்கள். எவ்வளவு நடுவது என்பதை நாங்கள் அதற்கேற்ப மாசிக்கு முன்னரே தீர்மானித்துக்கொள்வோம். அதனால், கிடைக்கும் கிடைக்காது என்ற பதிலையும் தை மாதத்துக்குள்ளேயே அறியத்தரவும்.

இங்ஙனம்,
உண்மையுள்ள,
கோப்பாய், நீர்வேலி, உரும்பிராய், புத்தூர்ப் பகுதித் தோட்டக் கமக்காரர்கள்
(கையொப்பங்களும் கிணறுவாரியான பரப்பு விபரமும் இணைக்கப்பட்டுள்ளன)

பிரதி: பிரதி விவசாயப் பணிப்பாளர், யாழ்ப்பாணம், கமநல சேவைகள் உதவி ஆணையாளர், யாழ்ப்பாணம்.